வரைந்ததை யாரிடம் காட்டுவது?
வாசகர் கேள்விகள், ஓவியரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. வரைந்ததை, வனைந்ததை, வாசித்ததைச் சமூக வலைத்தளங்கள் வழியாக நாலு பேரிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் நீர்வண்ணமும் லினோகட் அச்சும் (லினோலியப் பலகையில் செதுக்கி எடுக்கும் அச்சு) செய்கிறவள். விளம்பரத் துறையில் வேலை பார்த்ததில்லை. பத்து வருடங்களுக்கும் மேலாக என் படங்களை இணையத்தில் போட்டுவருகிறேன். அதில் எனக்குக் கைகொடுத்ததையும், நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

"அம்மா, இரண்டு வருடங்களாக இன்ஸ்டாகிராமில் ஓவியங்களைப் போடுகிறேன். 312 பேர் பின்தொடர்கிறார்கள். அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், லைக் போடுவதும் அவர்கள்தான். என் பக்கத்தின் லிங்க்கை அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு செய்கிறேன்?"
– அக்ரிலிக்கில் வரையும் வாசகி

உங்கள் கடைசி இருபது பதிவுகளையும் நிதானமாகப் பார்த்தேன். வரைவதில் குறை இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை விட்ட பிறகு ஒரு தெருவை வரைந்திருக்கிறீர்களே, அதில் தேங்கிய தண்ணீரில் தெரியும் விளக்கு வெளிச்சத்தை நான்கைந்து முறை பெரிதாக்கிப் பார்த்தேன். ஆனால் அதைக் கண்டுபிடிக்கவே நான் சிரமப்பட வேண்டியிருந்தது. இரவில், டியூப்லைட்டுக்குக் கீழே, மேஜையில் கிடத்தி மேலிருந்து படம் எடுத்திருக்கிறீர்கள். கீழ்ப்பாதியில் உங்கள் தலையின் நிழல். மேல் மூலையில் வண்ணத்தின் பளபளப்பு வெள்ளைத் திட்டாக விழுந்திருக்கிறது. ஓவியத்தின் ஒரு விளிம்பு அகலமாகவும் எதிர் விளிம்பு குறுகலாகவும் தெரிகிறது. முன்பின் தெரியாத ஒருவர் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகும்போது உங்கள் தெருவுக்குக் கிடைப்பது ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் அவர் பார்ப்பது மங்கலான ஒரு செவ்வகம்.

இப்படிச் செய்து பாருங்கள். பகலில், வெயில் நேராக விழாத ஜன்னலுக்குப் பக்கத்தில், ஓவியத்தைச் சுவரில் நேராக நிறுத்துங்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் நீலம் அதிகம், பல்பு வெளிச்சத்தில் பெரும்பாலும் மஞ்சள் அதிகம். இரண்டும் கலந்தால் ஓவியத்தின் இடப்பக்கம் ஒரு நிறம், வலப்பக்கம் ஒரு நிறம் என்றாகிவிடும், பிறகு எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது மிகவும் கடினம். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெரிய வெள்ளை அட்டையைச் சாய்த்துவைத்தால் அந்தப் பக்கத்து இருட்டு குறையும். கைப்பேசியின் லென்ஸ் ஓவியத்தின் நடுப்புள்ளிக்கு நேராக இருக்க வேண்டும். கிட்டே போகாமல் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள்; மிகக் கிட்டத்தில் எடுத்தால் ஓரங்கள் வளையும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். கண்ணாடி போட்ட ஃபிரேம் என்றால் கழற்றிவிட்டு எடுங்கள். ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவைத்து எடுத்தால், அப்புறம் எடிட் செய்யும்போது அந்தத் தாள் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்தே நிறங்களைச் சரிபார்த்துவிடலாம்.

ஒரு ஓவியத்துக்கு ஒரு படம் போதாது. முழு ஓவியம் ஒன்று. பிரஷ் தடம் தெரியும்படி கிட்டத்தில் ஒன்று. உங்கள் கை அதைப் பிடித்திருப்பது போலவோ, ஒரு நாற்காலிக்கு மேலே சுவரில் தொங்குவது போலவோ ஒன்று. இந்த மூன்றாவது படத்தைப் பெரும்பாலானவர்கள் போடுவதே இல்லை. கைப்பேசித் திரையில் தபால் அட்டை அளவு ஓவியமும் கதவு அளவு ஓவியமும் ஒரே அளவாகத்தான் தெரியும். வாங்க நினைக்கிறவருக்கு முதலில் வரும் சந்தேகமே அதுதான்.

அடுத்தது, ஓவியத்தோடு எழுதுகிற வரி. இருபது பதிவுகளில் பதினேழில் "என் புதிய ஓவியம்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். தலைப்பு, என்ன வண்ணம், காகிதமா கான்வாஸா, எத்தனை சென்டிமீட்டர், எந்த வருடம், விற்பனைக்கு உண்டா இல்லையா – இவை ஒவ்வொரு பதிவிலும் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரே ஒரு உண்மையான வாக்கியம் எழுதுங்கள். அந்தத் தண்ணீர் வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள்? முதலில் மஞ்சளைப் பூசிவிட்டு அதன்மேல் சாம்பலைப் போட்டீர்களா, இல்லை சாம்பல் காய்ந்த பிறகு மஞ்சளை வைத்தீர்களா? அதைச் சொல்லுங்கள். வரைகிறவர்கள் உடனே நின்று படிப்பார்கள், வரையத் தெரியாதவர்கள் இன்னும் ஆவலாகப் படிப்பார்கள். பார்வையற்றவர்களின் கைப்பேசி வாசித்துச் சொல்வதற்காகப் படத்தை விவரித்து எழுத ஓர் இடம் உண்டு. இன்ஸ்டாகிராமில் அந்த வசதி 2018 முதல் இருக்கிறது. அதையும் நிரப்புங்கள். பார்க்க முடியாத ஒருவருக்காக உங்கள் ஓவியத்தை மூன்று வரியில் சொல்லிப் பாருங்கள். உங்கள் ஓவியத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே புதிதாகத் தெரியவரும்.

சொந்தக்காரர்கள் லைக் போடுவதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஆனால் அவர்களுக்கு வெளியே போக, நீங்களும் வெளியே போக வேண்டும். உங்களைப் போலவே அக்ரிலிக்கில் தெருக்களை வரைகிற பதினைந்து பேரைத் தேடிப் பிடியுங்கள். அவர்கள் படங்களை உண்மையாகப் பாருங்கள். "அருமை" என்று எழுதாமல், அந்தக் கூரையின் நிழலில் ஏன் ஊதாவைச் சேர்த்தீர்கள் என்று கேளுங்கள். எனக்கு முதலில் கிடைத்த நல்ல பார்வையாளர்கள் எல்லோரும் இன்னொருவர் படத்துக்குக் கீழே நான் கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு வந்தவர்கள்தான். ஹேஷ்டேக் போடுவதாக இருந்தாலும் அப்படித்தான். "ஓவியம்" என்று பொதுவாகப் போட்டால் கோடிக்கணக்கான பதிவுகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். செய்முறையின் பெயரையும் பொருளின் பெயரையும் போடுங்கள், மூன்று நான்கு போதும்.

"இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப், பின்ட்ரஸ்ட்... எதில் இருக்க வேண்டும்? எல்லாவற்றிலும் இருந்தால் வேலை செய்ய நேரமே இருக்காது போலிருக்கிறதே?"
– மண்பாண்டக் கலைஞர்

எல்லாவற்றிலும் இருக்க வேண்டாம். ஒன்றை உங்கள் திண்ணையாக வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றைப் பரணாக வைத்துக்கொள்ளுங்கள்.

திண்ணை என்றால் போகிறவர் வருகிறவரோடு தினமும் பேசும் இடம். பெரும்பாலான காட்சிக் கலைஞர்களுக்கு அது இன்ஸ்டாகிராமாகவோ ஃபேஸ்புக்காகவோ இருக்கிறது. அங்கே ஒரு பதிவின் ஆயுள் பெரும்பாலும் ஓரிரு நாள்தான். பரண் என்றால் ஒருமுறை வைத்ததை எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் இடம். யூடியூப்பும் பின்ட்ரஸ்ட்டும் அப்படி. அங்கே மக்கள் ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். "குவளைக்குக் கைப்பிடி ஒட்டுவது எப்படி" என்று நீங்கள் எட்டு நிமிடம் காட்டிய வீடியோவை மூன்று வருடம் கழித்தும் ஒருவர் தேடி வந்து பார்ப்பார். மண்பாண்டத்துக்கு இது மிகவும் பொருந்தும். சக்கரத்தில் மண் எழும்புவதைப் பார்க்க யாருக்கும் அலுக்காது.

ஒன்று மட்டும் கவனம். ஒரு தளத்தின் அமைப்பை நம்பி உங்கள் வேலையைத் திட்டமிடாதீர்கள். இன்ஸ்டாகிராம் பக்கத்தில் படங்கள் பல வருடங்களாகச் சதுரமாகத் தெரிந்தன. ஒன்பது சதுரங்களைச் சேர்த்தால் ஒரு பெரிய ஓவியம் தெரிவது போல எத்தனையோ பேர் பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தார்கள். 2025 தொடக்கத்தில் அந்தச் சதுரம் நெட்டுவாக்கான செவ்வகமாக மாறியது, அடுக்கியது எல்லாம் கலைந்துபோனது. ஓவியத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டுப் படம் எடுத்தவர்களுக்குப் பெரிய சேதம் இல்லை.

"தினமும் பதிவு போட்டால்தான் அல்காரிதம் நம்மைக் காட்டும் என்கிறார்கள். ரீல்ஸ் இல்லாமல் முடியாது என்கிறார்கள். எனக்கு முகத்தைக் காட்டக் கூச்சம். என்ன செய்வது?"
– பென்சில் ஓவியம் வரையும் வாசகி

முகம் வேண்டாம், கை போதும். கேமராவை மேஜைக்கு மேலே நேர் கீழாகப் பார்க்கும்படி ஒரு ஸ்டாண்டில் பொருத்துங்கள். புத்தகங்களை அடுக்கி, மேலே ஒரு மரப்பலகையை நீட்டிவைத்து, அதன் நுனியில் கைப்பேசியை ரப்பர் பேண்டால் கட்டித்தான் நான் முதல் ஒரு வருடம் எடுத்தேன். இரண்டு மணி நேர வேலையை டைம்லாப்ஸில் முப்பது நொடியாக்கலாம். ஆனால் பென்சில் வேலைக்கு முழுவதையும் வேகமாக ஓட்டாதீர்கள். கண்ணின் இமையை வரையும் இடத்தில் மட்டும் உண்மையான வேகத்தில் விடுங்கள், பென்சில் காகிதத்தில் உரசும் சத்தத்தோடு. அந்தச் சத்தத்துக்காகவே பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வீடியோவின் முதல் இரண்டு நொடியில் வெறும் காகிதத்தைக் காட்டாதீர்கள். முடிந்த படத்தையோ, பாதியில் நிற்கும் இடத்தையோ காட்டிவிட்டுத் தொடக்கத்துக்குப் போங்கள்.

தினமும் போட வேண்டுமா என்பதற்கு என் பதில், முடிந்தால் வாரம் இரண்டு, முடியாவிட்டால் ஒன்று, ஆனால் விடாமல். தினமும் போட்டுப் பெரிய ஆளானவர் என்று பலரும் எனக்கு பீப்பிள் என்ற பெயரில் இயங்கும் அமெரிக்க டிஜிட்டல் ஓவியர் மைக் விங்கெல்மனை உதாரணம் காட்டி எழுதுகிறார்கள். அவர் 2007 மே 1 அன்று தொடங்கி ஒரு நாளும் விடாமல் ஒரு படம் செய்து வெளியிட்டார். அப்படிச் சேர்ந்த முதல் 5,000 படங்களின் தொகுப்பைத்தான் 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றார்கள். அந்த 13 வருடங்களில் தினமும் போட்டது அவருக்குப் பயிற்சி. கை பழகுவதற்காகச் செய்தார், செய்ததை வெளியே வைத்தார். அப்படி ஒரு பயிற்சியாகத் தினமும் சின்னப் படம் வரைவது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஒரு முகத்தை நாற்பது மணி நேரம் வரைகிறவர் தினமும் புதிதாக ஒன்றைக் காட்ட முடியாது, காட்டவும் வேண்டாம். ஒரே முகத்தின் நாற்பது மணி நேரத்தை நான்கு வாரம் காட்டலாம். மூக்கு தவறிப்போய் ரப்பரால் அழித்த நாளும் அதில் ஒன்று. என் பக்கத்தில் அதிகம் பேர் பேசியது முடிந்த படங்களைப் பற்றி இல்லை, லினோவில் உளி வழுக்கி ஒரு பறவையின் கால் வெட்டுப்பட்டபோது அதை எப்படிக் கிளையாக மாற்றினேன் என்று காட்டியதைப் பற்றித்தான்.

அல்காரிதத்தைப் பற்றி நாம் நிச்சயமாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி திரும்பத் திரும்பச் சொல்லிவரும் ஒன்று உண்டு: பார்க்கிறவர் எவ்வளவு நேரம் பார்க்கிறார், அதை இன்னொருவருக்கு அனுப்புகிறாரா என்பவை முக்கியம். ஒருவர் இன்னொருவருக்கு ஏன் ஒரு படத்தை அனுப்புவார்? "இதைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது" என்று சொல்லத்தான். உங்கள் படத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மீதியை விட்டுவிடுங்கள்.

"காசு கொடுத்து ஃபாலோயர்ஸ் வாங்கலாமா?"
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

வேண்டாம். அந்தக் கணக்குகளுக்குப் பின்னால் ஆள் இல்லை. புதிய பதிவைத் தளம் முதலில் உங்களைப் பின்தொடர்கிறவர்களில் கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்க்கும். அவர்கள் போலிகள் என்றால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள், அதனால் உண்மையானவர்களுக்கும் அது போய்ச் சேராது. தளத்திலேயே பணம் கட்டிச் செய்யும் விளம்பரம் வேறு. கண்காட்சி, பயிற்சி வகுப்பு என்று தேதியும் இடமும் உள்ள ஒன்றுக்கு, அந்த இடத்துக்கு வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டச் சொல்லிச் சிறிய தொகையில் செய்து பார்க்கலாம்.

"ஒருவர் என் மூன்று ஓவியங்களை என்எஃப்டியாக வாங்கிக்கொள்வதாக மெசேஜ் அனுப்பினார். மிகப் பெரிய தொகை சொல்கிறார். முதலில் நான் ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கிக் கட்டணம் செலுத்த வேண்டுமாம். நம்பலாமா?"
– கல்லூரி மாணவர்

நம்ப வேண்டாம் தம்பி. (என்எஃப்டி என்பது ஒரு டிஜிட்டல் படத்துக்கு உரிமைச் சான்று போல விற்கப்படும் இணையப் பதிவு.) பணம் கட்டாதீர்கள், கட்டியிருந்தால் இன்றே வங்கியிடம் சொல்லுங்கள். படம் வாங்குகிறவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும். நீங்கள் முதலில் கட்ட வேண்டும் என்ற பேச்சு வந்ததுமே கதவைச் சாத்திவிடுங்கள்.

இதே ஏமாற்று இன்னும் சில வேடங்களில் வரும். "மனைவிக்குத் திருமண நாள் பரிசாக உங்கள் ஓவியம் வேண்டும்" என்பார். எந்த ஓவியம் என்று சொல்ல மாட்டார், அளவு கேட்க மாட்டார். சொன்ன விலைக்கு மேலேயே காசோலை அனுப்பி, மிச்சத்தை வண்டிக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள் என்பார். சில நாள் கழித்துக் காசோலை திரும்பும், நீங்கள் கொடுத்த மிச்சம் திரும்பாது. இன்னொருவர் உங்கள் புகைப்படத்தைப் பார்த்து ஓவியம் வரைய விரும்புவதாகவும் அதற்கு உங்களுக்குப் பணம் தருவதாகவும் சொல்வார், அதுவும் கடைசியில் அதே காசோலையில் வந்து நிற்கும். உண்மையிலேயே வாங்குகிறவர் ஒரு குறிப்பிட்ட ஓவியத்தைக் காட்டி, அளவு என்ன, ஃபிரேம் உண்டா, எப்படி அனுப்புவீர்கள் என்று கேட்பார்.

நான் மாட்டிக்கொண்டது வேறு வகை. ஒருநாள் காலை, "உங்கள் பதிவு பதிப்புரிமையை மீறுகிறது, 24 மணி நேரத்தில் மேல்முறையீடு செய்யாவிட்டால் கணக்கு நீக்கப்படும்" என்று தளத்தின் சின்னத்தோடு ஒரு செய்தி வந்தது. பதறிப்போய் அந்த லிங்க்கைத் தொட்டுக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் கணக்கு என் கையை விட்டுப் போய்விட்டது. நான்கு வருடப் பதிவுகள், என்னோடு பேசிக்கொண்டிருந்த ஆயிரத்துச் சொச்சம் பேர். தளத்தின் உதவிப் பக்கத்துக்கு மாறி மாறி எழுதினேன். இயந்திரம் அனுப்பிய பதில்களைத் தவிர எதுவும் வரவில்லை. படங்கள் என்னிடம் இருந்தன, அந்த மனிதர்கள் இல்லை. ஒருவருடைய முகவரிகூட நான் தனியாகக் குறித்துவைத்திருக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

அதனால் இன்றைக்கே இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போடுங்கள், மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். இரண்டாவது, அடுத்த கேள்விக்கான பதிலிலேயே வருகிறது.

"சொந்தமாக இணையதளம் வேண்டுமா? எல்லோரும் கைப்பேசியில்தானே பார்க்கிறார்கள்?"
– புகைப்படக் கலைஞர்

நான்கைந்து பக்கம் உள்ள எளிய இணையதளம் ஒன்று இருக்கட்டும். அதைவிட முக்கியம் ஒரு மின்னஞ்சல் பட்டியல்.

மைஸ்பேஸ் என்ற தளம் ஒரு காலத்தில் இசைக் கலைஞர்களின் கூடாரமாக இருந்தது. முதல் 12 வருடங்களில் அங்கே ஏற்றப்பட்ட பாடல்கள், சர்வர் மாற்றும் வேலையில் அழிந்துபோய்விட்டன என்று 2019-இல் தெரியவந்தது. பலருக்கு வேறு பிரதி இல்லை. ஆறு நொடி வீடியோக்களுக்குப் பெயர்போன வைன் 2017 ஜனவரியில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. அங்கே இருந்தவர்கள் யாரும் தப்பு செய்யவில்லை. இடம் அவர்களுடையது இல்லை, அவ்வளவுதான்.

என் கணக்கு போன பிறகு நான் செய்த முதல் வேலை, நினைவில் இருந்த பெயர்களைத் தேடிப் பிடித்து, "மாதம் ஒரு கடிதம் அனுப்புகிறேன், உங்கள் மின்னஞ்சல் தருவீர்களா" என்று கேட்டது. முதல் கடிதம் 41 பேருக்குப் போனது. அதில் ஒரு படம், அதைச் செய்த கதை, கையில் என்னென்ன அச்சுகள் மீதி இருக்கின்றன என்ற விவரம், அவ்வளவுதான். அந்த 41 பேரில் ஒன்பது பேர் பதில் எழுதினார்கள். ஆயிரம் பேர் பின்தொடர்ந்தபோதுகூட அவ்வளவு நீளமான பதில்கள் எனக்கு வந்ததில்லை. நீங்கள் புகைப்படக் கலைஞர், கண்காட்சி வைப்பவர். வாசலில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். விருப்பமுள்ளவர்கள் மட்டும் எழுதட்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று கடிதத்தின் அடியில் சொல்லிவிடுங்கள். மூலப் படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வேறு இடங்களில் வையுங்கள்.

"படத்தைப் போட்டால் திருடிவிடுவார்கள் என்ற பயத்தில் எதையும் போடாமல் இருக்கிறேன். இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு. என்ன பாதுகாப்பு?"
– குழந்தைகளுக்கான படங்கள் வரைபவர்

பயம் நியாயமானது. எனக்கும் நடந்தது. என் ஆந்தை அச்சு ஒன்று கைப்பேசி உறைகளில் அச்சாகி விற்பனைக்கு வந்திருந்ததை ஒரு வாசகிதான் எனக்குக் காட்டினார். என்ன செய்தேன் என்று சொல்கிறேன். விற்ற பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். செதுக்கிய லினோ பலகையின் படம், தேதியிட்ட முதல் ஸ்கெட்ச், நான் முதலில் வெளியிட்ட பதிவு மூன்றையும் சேர்த்து, அந்தத் தளத்திலேயே இருந்த பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில் அனுப்பினேன். ஐந்தாம் நாள் எடுத்துவிட்டார்கள். விற்றவர் மேல் கோபத்தோடு நீளமாக எழுதிவைத்ததை அனுப்பவில்லை, படிவத்துக்கு ஆதாரம்தான் தேவைப்பட்டது.

உரிமை உங்களுடையது என்பதில் சந்தேகமே வேண்டாம். 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அதன்படி, படைப்பு உருவான கணத்திலேயே உரிமை படைத்தவருக்கு வந்துவிடுகிறது, எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. சில நாடுகளில் வழக்குப் போட வேண்டும் என்றால் பதிவு கேட்பார்கள், அது தனி விஷயம்.

போடும்போது நீண்ட பக்கம் ஏறக்குறைய 1,350 பிக்சல் அளவுக்குச் சுருக்கிப் போடுங்கள். திரையில் அழகாகத் தெரியும், பெரிதாக அச்சடித்தால் உடைந்துபோகும். கையொப்பம் ஓரத்தில் இல்லாமல் படத்தின் உள்ளே, வெட்டி எடுக்க முடியாத இடத்தில் இருக்கட்டும். நடுவில் பெரிய வாட்டர்மார்க் போடுவது எனக்குப் பிடிக்காது. திருடன் அதை அழித்துவிடுவான், பார்க்க வந்தவர்தான் படத்தைப் பார்க்க முடியாமல் போவார். செயற்கை நுண்ணறிவு உங்கள் பாணியைக் கற்பதைக் கடினமாக்க, சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் கிளேஸ் என்ற மென்பொருளை இலவசமாகக் கொடுத்தார்கள். முழுக் காப்பு என்று அவர்களே சொல்வதில்லை. இருந்தாலும் செய்துவைக்கலாம்.

இந்தத் தொல்லை நம் காலத்தில் வந்தது இல்லை. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் மரச்செதுக்கு அச்சுகளை அவருடைய முத்திரை எழுத்துகளோடு சேர்த்தே காப்பியடித்தார்கள். 1511-இல் தன் அச்சுத் தொகுப்பு ஒன்றின் கடைசியில், பிறர் உழைப்பைத் திருடுகிறவர்களை எச்சரித்து அவர் ஒரு வாசகமே அச்சிட்டார். ஆனால் அச்சுகளை வெளியே அனுப்புவதை நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்தாதீர்கள். உங்கள் படங்கள் குழந்தைகளுக்கானவை. டிராயருக்குள் இருந்தால் எந்தக் குழந்தையும் பார்க்கப்போவதில்லை.

"நான் வயலின் வாசிப்பவன். இந்த ஆலோசனைகள் எனக்கும் பொருந்துமா?"

இசை என் துறை இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். படம் சுமாராக இருந்தாலும் கேட்பார்கள், ஒலி மோசமாக இருந்தால் தாண்டிப் போய்விடுவார்கள். முதல் செலவு மைக்குக்கு. சத்தத்தை அணைத்துவைத்து வீடியோ பார்ப்பவர்கள் நிறைய, அதனால் என்ன வாசிக்கிறீர்கள் என்பதை எழுத்தில் காட்டுங்கள். பிறர் பாடலை வாசித்தால் அதன் உரிமைக்காரர் கேட்டு வீடியோ முடக்கப்படலாம், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

"என் படங்களைப் பற்றி நானே பேசுவதற்கு வெட்கமாக இருக்கிறது. நல்ல கலை தானாகவே பேசும் என்று என் ஆசிரியர் சொல்வார். விற்பனைக்கு என்று எழுதக் கை வரவில்லை."
– ஓய்வுபெற்ற பிறகு வரையத் தொடங்கியவர்

உங்கள் ஆசிரியர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வின்சென்ட் வான்கோ 1890 ஜூலையில் இறந்தார். அவரைத் தாங்கிய தம்பி தியோ ஆறே மாதத்தில், 1891 ஜனவரியில் இறந்தார். தியோவின் மனைவி யோஹன்னாவுக்கு அப்போது 28 வயது, கையில் ஒரு வயது நிரம்பாத குழந்தை, வீடு நிறைய யாரும் கேட்காத நூற்றுக்கணக்கான ஓவியங்கள். கூடவே வின்சென்ட் தியோவுக்கு எழுதிய ஒரு கட்டுக் கடிதங்கள். யோஹன்னா ஓவியர் இல்லை. ஒவ்வொரு கண்காட்சியாகப் படங்களை அனுப்பினார், விமர்சகர்களுக்கு எழுதினார், சிலவற்றை விற்றார், சிலவற்றை விற்க மறுத்தார். 1905-இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் 400-க்கும் மேற்பட்ட படைப்புகளை வைத்துப் பெரிய கண்காட்சி நடத்தினார். 1914-இல் கடிதங்களைப் புத்தகமாக்கினார். ஓவியத்தின் பக்கத்தில் அதைச் செய்த மனிதனின் சொற்களை வைத்தால் பார்க்கிறவர் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஓவியங்களைவிட நன்றாகப் பேசும் ஓவியங்கள் உண்டா? அவற்றுக்கே ஒருவர் இத்தனை வருடம் வாய் திறக்க வேண்டியிருந்தது. உங்களுக்கும் எனக்கும் யோஹன்னா கிடைக்கவில்லை. நாமேதான் அந்த வேலையையும் செய்ய வேண்டும்.

புகழ்ந்து எழுதச் சொல்லவில்லை. விவரம் எழுதுங்கள். "இந்தக் கிணற்றை மூன்று காலை தொடர்ந்து போய் வரைந்தேன், இரண்டாம் நாள் வெயில் இல்லை" என்பதில் தற்பெருமை எங்கே இருக்கிறது? விற்பனைக்கு என்று எழுதக் கூச்சமாக இருந்தால் "இந்த ஓவியம் இன்னும் என்னிடம் இருக்கிறது" என்று எழுதிப் பாருங்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். விலையை மறைக்காமல் எழுதுவது நல்லது என்பது என் கருத்து. விலை கேட்டு மெசேஜ் அனுப்பக் கூச்சப்படுகிற நல்ல மனிதர்கள் ஏராளம். நீங்கள் எவ்வளவு கூச்சப்படுகிறீர்களோ அவ்வளவு அவர்களும் கூச்சப்படுகிறார்கள்.

"போன வருடம் ஒரு பாலத்தை வரைந்தேன். நிறையப் பேர் பார்த்தார்கள். அப்போதிருந்து பாலங்களாகவே வரைகிறேன். வேறு எது போட்டாலும் லைக் விழுவதில்லை. பாலத்துக்கு அடியில் இருக்கும் படிக்கட்டை வரையத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். இனி வரையவே பிடிக்கவில்லை."
– 19 வயது வாசகர்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கு அது நீலக் கதவு. ஒரு பழைய நீலக் கதவை வரைந்து போட்டேன், அதுவரை காணாத கூட்டம் வந்தது. அடுத்த வாரம் இன்னொரு நீலக் கதவு. ஐந்து மாதத்தில் பதினொரு கதவுகள். எட்டாவது கதவை வரையும்போது கதவைப் பார்க்கவே இல்லை, ஏழாவதைப் பார்த்து வரைந்தேன். பன்னிரண்டாவதுக்கு விரித்த காகிதம் மூன்று வாரம் அப்படியே கிடந்தது.

அதிலிருந்து நான் வெளியே வந்த விதம் ரொம்பச் சாதாரணமானது. மொட்டைமாடியில் சொட்டிக்கொண்டிருந்த பித்தளைக் குழாயை வரைந்தேன். போட்டேன். நாற்பது லைக்கூட வரவில்லை. ஆனால் ஒரு பள்ளி ஆசிரியை, பழுப்பே சேர்க்காமல் பித்தளை நிறம் எப்படி வந்தது என்று கேட்டு எழுதினார். மஞ்சளுக்கு மேல் மெல்லிய ஊதா என்று பதில் போட்டேன். தன் வகுப்பில் செய்து பார்த்துவிட்டுப் பிள்ளைகள் வரைந்த குழாய்களின் படங்களை அனுப்பினார், இருபத்தாறு குழாய்கள். அவர் இன்றும் எனக்கு எழுதுகிறார். கதவுகளுக்கு வந்த கூட்டத்தில் எனக்கு ஒருவர் பெயரும் நினைவில் இல்லை.

இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் லைக் எண்ணிக்கையை மறைத்துவைக்கும் வசதி 2021-இலிருந்து இருக்கிறது. அமைப்புகளுக்குப் போய் அதைப் போட்டுவிடுங்கள். பதிவு போட்டதும் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் வந்திருக்கும் கமென்ட்டுகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். பாலங்களை நிறுத்த வேண்டியதில்லை, உங்களுக்குத் தோன்றும்போது வரையுங்கள்.

அந்தப் படிக்கட்டை முடியுங்கள். எத்தனாவது படியில் விட்டீர்கள் என்று எழுதவில்லை, அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. முடித்ததும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பகல் வெளிச்சத்தில்.